பருப்பு ஒரு தடவைதான் வேகணும்

தலைப்பைப் பார்த்து சமையல் குறிப்புன்னு நம்பி உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது கணக்குப் பதிவு. அப்படியே ஓடிடாதீங்க மக்களே, நடுவுல சாம்பாரும் ரசமும் நிஜமாவே வரும்.

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதுல ஒரு ஆணி என் கால்லயே குத்தின கதைதான் இது. மூணு வாரம் மண்டையை உடைச்சு நான் எழுதின ஒரு விஷயத்தை, வேலைக்குச் சேர்ந்து நாலே மாசம் ஆன ஒரு பொண்ணு ஏ4 பேப்பர்ல ஒத்தை வரில தாண்டிட்டுப் போயிட்டா. தாண்டினதுகூட பரவால்ல. அவ அதைச் சொன்னப்போ நான் காதுலயே வாங்கலை. அதான் உறுத்துது. எழுதினாலாவது குறையுதான்னு பார்க்கறேன்.

கணக்குக்கும் எனக்கும் உள்ள உறவைப் பத்தி முதல்லயே சொல்லிடறேன். காலேஜ்ல எம்-3 பேப்பர்ல அரியர் வச்சவன் நான். ஃபூரியர், லாப்லாஸ்னு யாராவது பேச்செடுத்தா இன்னமும் உள்ளங்கை வேர்க்கும். அப்புறம் பொட்டி தட்டற வேலைக்கு வந்தாச்சு, இனிமே டிஃபரன்ஷியேஷன் மூஞ்சில முழிக்க வேண்டியதில்லைன்னு நிம்மதியா இருந்தேன். கணக்குப் போட கம்ப்யூட்டர் இருக்கே, நாம எதுக்குப் போடணும்? இதுதான் அஞ்சாறு வருஷமா என் கொள்கை.

இப்போ வேலை செய்யறது கோவைல ஒரு சின்ன கம்பெனி. ஃபேக்டரில பெயின்ட் அடிக்கிற ரோபோ கைக்கு முன்கூட்டியே பாதை போட்டுக் குடுக்கற மென்பொருள் எழுதறோம். கைக்கு ஆறு மூட்டு. ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி திரும்பி இருக்குன்னு சொன்னா, நுனி எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறது சுலபம். சைன், காஸ் போட்டுக் கூட்டினா வந்துடும். நமக்கு வேண்டியதோ தலைகீழ். 'நுனி இந்த இடத்துல இருக்கணும், மூட்டெல்லாம் எத்தனை டிகிரி திரும்பணும்?' இதுக்கு எல்லா கைக்கும் நேரடி ஃபார்முலா கிடையாது. குத்துமதிப்பா ஒரு விடையில ஆரம்பிச்சு, நுனி எவ்வளவு தள்ளி இருக்குன்னு பார்த்து, கோணங்களைத் திருத்தி, மறுபடி பார்த்து, மறுபடி திருத்தி... நியூட்டன் பேர்ல இருக்கற பழைய முறை.

எந்தப் பக்கம் திருத்தறதுன்னு தெரிய ஒரு அட்டவணை வேணும். 'இந்த மூட்டைத் துளியூண்டு திருப்பினா நுனி எந்தத் திசைல எவ்வளவு நகரும்?' ஒவ்வொரு மூட்டுக்கும் இந்தக் கேள்விக்கான பதில். இந்த அட்டவணைக்கு ஜேக்கோபியன்னு பேரு. பேரைப் பார்த்து பயப்படாதீங்க, நான் பயந்ததே போதும்.

நான் அந்த அட்டவணையை எப்படிப் போட்டேன்னா, முதல் மூட்டை ஒரு துளி கூட்டி நுனியைக் கணக்குப் பண்ணு, ஒரு துளி குறைச்சு நுனியைக் கணக்குப் பண்ணு, வித்தியாசத்தை வகு. முடிஞ்சது. இப்படியே ஆறு மூட்டுக்கும். ஆறு ரெண்டு பன்னெண்டு, இப்போ நுனி எங்க இருக்குன்னு பார்க்க ஒண்ணு, ஆக பதிமூணு தடவை. கணக்கே தெரிய வேண்டாம், டிஃபரன்ஷியேஷன் தெரிய வேண்டாம், எம்-3 வேண்டாம். எனக்குன்னே செஞ்ச முறை.

அது எங்க இடிச்சதுன்னா, கஸ்டமர் ரோபோவை எந்த இடத்துல ஆணி அடிச்சு நிறுத்தலாம்னு கேட்பார். 48 இடத்தை முயற்சி பண்ணிப் பார்ப்போம். ஒவ்வொண்ணுக்கும் பாதைல 40,000 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சராசரியா 15 தடவை திருத்தம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் 13 தடவை நுனிக் கணக்கு. பெருக்கிப் பாருங்க, 37 கோடியே 44 லட்சம். எங்க பைத்தான் கோடுல ஒரு நுனிக் கணக்குக்கு பத்தாயிரத்துல ஒரு செகண்ட் ஆச்சு. மொத்தம் பத்தரை மணி நேரம். சாயங்காலம் ஓட விட்டுட்டு வீட்டுக்குப் போனா காலைல விடை. நடுராத்திரி ஏதாவது ஒரு புள்ளில புட்டுக்கிச்சுன்னா அன்னிக்கு டேமேஜர் முகத்தைப் பார்க்க முடியாது.

'வேகமாக்கு'ன்னு உத்தரவு வந்துச்சு. பொட்டி தட்டறவன் என்ன பண்ணுவான்? வேலையைப் பிரிச்சு எல்லா கோர்லயும் ஓட விடுவான். நானும் அதையே பண்ணேன். மூணு வாரம். வரிசை, பூட்டு, ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் வேலையை எடுத்துக்கறது, எல்லாம் எழுதினேன். கஸ்டமர் லேப்டாப்ல நாலு கோர். பத்தரை மணி நேரம் மூணு மணி நேரமா ஆச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அந்த மூணாவது வாரத்துலதான் அந்தப் பொண்ணு வந்து நின்னா. டெஸ்ட் எழுதறதுக்காக அவகிட்ட சின்ன உதாரணமா ரெண்டே மூட்டு உள்ள கை ஒண்ணு குடுத்திருந்தேன். தோள், முழங்கை, அவ்வளவுதான். கையில ஒரு பேப்பர்.

"அண்ணா, ஒரு டவுட்டுங்க. இந்த அட்டவணைல முதல் காலம் இருக்குதுங்களே, அது நாம ஏற்கனவே கண்டுபிடிச்ச எக்ஸ், ஒய்தானுங்களே? அதை ஏனுங்க திரும்பத் திரும்பப் போடறோம்?"

நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "அது ரெண்டு மூட்டுக்கு அப்படித்தாம்மா தெரியும். ஆறு மூட்டுக்கு வேலைக்காகாது. நீ முதல்ல டெஸ்ட் கேஸை முடி"ன்னு சொன்னேன். பேப்பரை மேசை மேல வச்சுட்டுப் போயிட்டா. அது மேல நான் டீ கிளாஸை வச்சேன். நிஜமாவே.

ரெண்டு வாரம் கழிச்சு கஸ்டமர்கிட்டேருந்து போன். பேனலோட கடைசி ஓரத்துல சில புள்ளிக்கு விடையே வரலை, வந்தாலும் கை வெடுக்குனு உதறுதுன்னார். அன்னிக்கு ராத்திரி உக்காந்து தோண்டினேன். ஒண்ணும் பிடிபடலை. மேசைல டீக்கறை வட்டத்தோட அந்தப் பேப்பர். சரி, என்னதான் எழுதியிருக்கான்னு எடுத்துப் பார்த்தேன்.

தோள்ல இருந்து முழங்கை வரை நீளம் ப, முழங்கைல இருந்து நுனி வரை நீளம் ம. தோள் திரும்பின கோணம் அ, முழங்கை திரும்பின கோணம் ஆ. அப்போ நுனி இருக்கற இடம்:

எக்ஸ் = ப × காஸ்(அ) + ம × காஸ்(அ+ஆ)
ஒய் = ப × சைன்(அ) + ம × சைன்(அ+ஆ)

இதை அ-வை வச்சு டிஃபரன்ஷியேட் பண்ணுங்க. ப்ளஸ் டூ கணக்குதான். காஸ் போனா மைனஸ் சைன், சைன் போனா காஸ். எக்ஸோட விடை: மைனஸ் ப × சைன்(அ) மைனஸ் ம × சைன்(அ+ஆ). மேல இருக்கற ரெண்டாவது வரியைப் பாருங்க. அது அப்படியே மைனஸ் ஒய்! அதே மாதிரி ஒய்யை டிஃபரன்ஷியேட் பண்ணினா அப்படியே எக்ஸ். அடுத்த காலத்துக்கு ஆ-வை வச்சுப் போட்டா மைனஸ் ம × சைன்(அ+ஆ), ம × காஸ்(அ+ஆ). இது ரெண்டும் ஒய்யையும் எக்ஸையும் கண்டுபிடிக்கும்போதே பாதி வழில கிடைச்ச துண்டுகள்தான்.

அதாவது நுனியை ஒரே ஒரு தடவை கணக்குப் பண்ணினாப் போதும், நாலு சைன்-காஸ்ல வேலை முடிஞ்சது. அட்டவணை முழுக்க இலவசம். என் முறைல இந்தக் குட்டிக் கைக்கே அஞ்சு தடவை நுனிக் கணக்கு, இருபது சைன்-காஸ்.

இப்போ சாம்பார். எங்க அம்மா காலைல குக்கர்ல பருப்பை ஒரே தடவைதான் வேக வைப்பாங்க. மேல நிக்கற தண்ணி ரசத்துக்கு, அடியில இருக்கற பருப்பு சாம்பாருக்கு, ஒரு கரண்டி தனியா எடுத்து நெய் விட்டு சின்னப் பசங்களுக்கு. மூணுக்கும் மூணு தடவை குக்கர் வைக்கறவங்களைப் பார்த்தா என்ன சொல்வோம்? நான் எழுதின கோடு பதிமூணு தடவை குக்கர் வச்சுது. அப்புறம் வேகம் பத்தலைன்னு நாலு அடுப்பு வாங்கி, நாலு குக்கரையும் ஒரே நேரத்துல எப்படிப் பத்த வைக்கறதுன்னு மூணு வாரம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். சொந்தச் செலவுல சூனியம்னா இதுதான்.

ஆறு மூட்டுக்கு வேலைக்காகாதுன்னு அவகிட்ட சொன்னேனே, அதுவும் தப்பு. செக்கு மாட்டை நினைச்சுக்கோங்க. நடுவுல உரல், நீட்டின தடியோட நுனில மாடு. மாடு எங்க இருந்தாலும் தடிக்குச் செங்குத்தாத்தான் நடக்க முடியும், தடி எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகமா நகரும். மூட்டும் அப்படியே. மூட்டுல இருந்து கை நுனிக்கு ஒரு நேர்கோடு இழுங்க. மூட்டு திரும்பினா நுனி அந்தக் கோட்டுக்குச் செங்குத்தா நகரும். (எக்ஸ், ஒய்)க்குச் செங்குத்து (மைனஸ் ஒய், எக்ஸ்). அவ கண்டுபிடிச்சது அதைத்தான். முப்பரிமாணத்துல, மூட்டோட சுழல் அச்சையும் அந்தக் கோட்டையும் வெக்டர் பெருக்கல் பண்ணினா அட்டவணையோட அந்தக் காலம் வந்துடும். ஆறு மூட்டுக்கு ஆறு பெருக்கல். ரோபாட்டிக்ஸ் படிச்சவங்க இப்போ சிரிச்சுக்கிட்டிருப்பீங்க, பாடப் புத்தகத்துலயே இருக்கற சமாச்சாரம். நான் வெப்சைட் பண்ணிட்டு இந்தப் பக்கம் வந்தவன், புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஹிஹி.

மறுநாள் மாத்தி எழுதினோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் 13 நுனிக் கணக்கு போய் ஒண்ணாச்சு. ஒரே கோர்ல ஐம்பது நிமிஷம். மூணு வாரமும் நாலு கோரும் சேர்ந்து சாதிச்ச மூணு மணி நேரத்தை பென்சில் ஒரே கோர்ல முந்திடுச்சு. அப்புறம் அது மேல என் நாலு கோரையும் சேர்த்தோம், கால் மணி நேரம். ஆக என் மூணு வாரம் முழுசா வீண் இல்லைன்னு மனசைத் தேத்திக்கறேன். வரிசைதான் தப்பு. அடுப்பை எண்றதுக்கு முன்னாடி எத்தனை தடவை வேக வைக்கறோம்னு எண்ணியிருக்கணும்.

வேகம் பாதிக் கதைதான். மீதிப் பாதி துல்லியம். இதைச் சொல்ல இன்னும் வெட்கமா இருக்கு.

'ஒரு துளி கூட்டி, ஒரு துளி குறைச்சு'ன்னு சொன்னேனே, அந்தத் துளி எவ்வளவு? எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லதுன்னு நினைச்சு லட்சம் கோடில ஒரு பங்குன்னு வச்சிருந்தேன். கம்ப்யூட்டர்ல சாதாரணமா ஒரு எண்ணுக்கு 15, 16 இலக்கம்தான் இடம். கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள ரெண்டு எண்ணைக் கழிச்சா முன்னாடி இருக்கற நல்ல இலக்கமெல்லாம் அடிபட்டுப் போய், கடைசில இருக்கற குப்பை மட்டும் மிஞ்சும். என் துளிக்கு நாலு இலக்கம்தான் உருப்படியா தேறும். துளியைப் பெருசாக்கி, லட்சத்துல ஒரு பங்குன்னு வச்சிருந்தா பத்து இலக்கம் கிடைச்சிருக்கும். இன்னும் பெருசாக்கினா வேற மாதிரி தப்பு. இப்படிக் கத்தி மேல நடக்கணும். ஃபார்முலாவை முதல்லயே டிஃபரன்ஷியேட் பண்ணிட்டா துளிங்கற பேச்சே கிடையாது. கழித்தல் நடந்தாச்சு, பேப்பர்லயே, எழுத்துலயே. எழுத்துக்கு இலக்கம் குறையாது.

இதை ஒரு நிமிஷத்துல நீங்களே பரிசோதிக்கலாம். 1-க்குப் பின்னாடி 16 சைஃபர் போட்ட எண்ணை எடுத்துக்கோங்க. அதோட ஒண்ணைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்க, அதுல இருந்து பழைய எண்ணோட வர்க்கமூலத்தைக் கழிங்க. பைத்தான் பூஜ்யம்னு சொல்லும். அவ்வளவு பெரிய எண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணுங்கறது அதுக்குக் கண்ணுலயே படாது. இப்போ ஸ்கூல்ல பண்ணின மாதிரி, மேலயும் கீழயும் ரெண்டு வர்க்கமூலத்தோட கூட்டுத்தொகையால பெருக்குங்க. மேல 1-னு ஆயிடும், கீழ கூட்டுத்தொகை நிக்கும். 1-ஐ ரெண்டு வர்க்கமூலத்தோட கூட்டுத்தொகையால வகுங்கன்னு சொன்னா அதே பைத்தான் 0.000000005-னு சரியா சொல்லும். கணக்கு வாத்தியாருக்கு ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு ஒண்ணு பூஜ்யம், இன்னொண்ணு விடை.

சரி, பேனல் ஓரத்துல கை உதறின கதைக்கு வர்றேன். அதுக்கும் அதே பேப்பர்தான். அவ அடில அந்த அட்டவணையோட டிடர்மினன்ட்டையும் போட்டு வச்சிருந்தா. நாலு உறுப்பு பெருக்கி, கழிச்சு, ஒத்தது எல்லாம் அடிபட்டு, கடைசில நிக்கறது: ப × ம × சைன்(ஆ). அவ்வளவுதான். டிடர்மினன்ட் பூஜ்யமானா திருத்தம் போட முடியாது, பூஜ்யத்தால வகுக்கற நிலைமை. எப்போ பூஜ்யமாகும்? ஆ பூஜ்யமாகும்போது, அதாவது முழங்கை மடங்காம கை முழுசா நீண்டு நிக்கும்போது. பரண் மேல இருக்கற டப்பாவை எம்பி எடுக்கறப்போ கை முழுசா நீண்டுடுச்சுன்னா அதுக்கு மேல ஒரு அங்குலம்கூட நகர்த்த முடியாதில்லையா, அதேதான். பேனல் ஓரம் எட்டாத தூரத்துல இருந்துச்சு, கை நீண்டு போச்சு, என் நாலு இலக்க அட்டவணை அங்க போய் தலைகுப்புற விழுந்துச்சு. எங்க பெரிய கையிலும் முழங்கை மூட்டுல இதே வியாதிதான்.

இந்தப் பிழைக்கு நான் போட்டு வச்சிருந்த மருந்து என்ன தெரியுமா? 'விடை வரலைன்னா மூணு தடவை மறுபடி முயற்சி பண்ணு.' 37 கோடி எண்ணைக் கக்கின கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட 'கை நீண்டு போச்சுப்பா'ன்னு சொல்லலை. அதுக்குத் தெரிஞ்சது எண்ணு மட்டும்தான். சைன்(ஆ)ங்கற எழுத்துலதான் காரணம் இருந்துச்சு. ரோபோவை இருபது சென்டிமீட்டர் முன்னாடி நகர்த்தச் சொன்னோம். போன் நின்னுச்சு.

இங்க ஒரு சின்னக் கொசுவத்தி. ப்ளஸ் டூவுல எங்க பிசிக்ஸ் சாருக்கு ஒரு பழக்கம். முதல் வரியிலேயே எண்ணைப் போட்டு ஆரம்பிச்சா, விடை சரியா வந்தாலும் மார்க்கைக் குறைச்சுடுவார். "எண்ணைக் கடைசியாப் போடுடா, அது எங்கயும் ஓடிடாது"ம்பார். ஜி-க்கு 9.8 போட்டா என்ன, ஜி-ன்னே எழுதினா என்னன்னு பொருமிக்கிட்டே இருப்பேன். இப்போ புரியுது. எண்ணைப் போட்டதும் வந்த வழி அழிஞ்சுடும். 12-ங்கறது 3 × 4-ஆ, 6 + 6-ஆன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. எது அடிபடும், எது ரெண்டு தடவை வருதுன்னு எழுத்தா இருக்கும்போதுதான் தெரியும்.

இந்த வழக்கம் கம்ப்யூட்டருக்கு முன்னாடியே இருக்கு. சார்ல்-யூஜீன் டெலோனேன்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர், நிலா எப்போ எங்க இருக்கும்கறதுக்கு எண்ணே இல்லாம எழுத்துலயே ஃபார்முலா கண்டுபிடிக்க உக்காந்தார். கிட்டத்தட்ட 20 வருஷம், கையாலயே. 1860-லயும் 1867-லயும் ரெண்டு தடிமனான புத்தகமா வந்துச்சு. பைத்தியக்காரத்தனமாத் தோணலாம். ஆனா அந்த ஃபார்முலா கையில இருந்தா எந்தத் தேதிக்கும் எண்ணைப் போட்டு நிலா இருக்கற இடத்தைப் பார்த்துக்கலாம், ஒவ்வொரு ராத்திரிக்கும் ஆதியில இருந்து ஆரம்பிக்க வேண்டாம். நூறு வருஷம் கழிச்சு, 1970 வாக்குல, அமெரிக்காவுல போயிங்கோட ஆராய்ச்சிக்கூடத்துல ஆந்த்ரே டெப்ரீயும் கூட ரெண்டு பேரும் அதே எழுத்துக் கணக்கைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தாங்க. சுமார் 20 மணி நேரத்துல முடிஞ்சுது. டெலோனே பண்ணியிருந்த தப்பு விரல்விட்டு எண்ணிடலாம். 20 வருஷத்துல! நான் ஒரு நாளைக்கு அவ்வளவு பண்றேன்.

அதாவது கம்ப்யூட்டருக்கு எண்ணு மட்டும் இல்லை, எழுத்தும் தெரியும், கேட்டாத்தான் செய்யும். 1968-ல எம்.ஐ.டி-ல ஆரம்பிச்ச மாக்ஸிமாவோட மூதாதையர்ல இருந்து இப்போ பைத்தான்ல இருக்கற சிம்பை வரைக்கும் இதுக்குன்னே மென்பொருள் இருக்கு. சிம்பைகிட்ட ஃபார்முலாவைக் குடுத்தா டிஃபரன்ஷியேட் பண்ணும், பொதுவா வர்ற துண்டுகளைப் பொறுக்கி ஒரு தடவை மட்டும் கணக்குப் போடற மாதிரி மாத்தும், அதையே வேகமா ஓடற எண் கோடா எழுதிக் குடுக்கும். பருப்பு எங்கெங்க பொதுன்னு அதுவே கண்டுபிடிச்சு ஒரே குக்கர்ல வச்சுடும்.

இன்னொரு உதாரணம் சொன்னா எனக்கே கேலியா இருக்கும். எந்த ஃபூரியர் என்னை எம்-3-ல கவுத்தாரோ, அவர் பேர்ல இருக்கற ட்ரான்ஸ்ஃபார்மை வேகமாப் போடறதுக்கு எஃப்.எஃப்.டி.டபிள்யூ-ன்னு ஒரு நிரல் இருக்கு. மட்டேயோ ஃபிரிகோவும் ஸ்டீவன் ஜான்சனும் எம்.ஐ.டி-ல எழுதி 1997-ல வெளியிட்டது, 1999-ல வில்கின்சன் பரிசு வாங்கினது. அதோட உள்ளே இருக்கற முக்கியமான சி கோடை மனுஷன் எழுதலை. ஓகேமல் மொழில எழுதின இன்னொரு நிரல், ஃபார்முலாவை எழுத்தா வச்சுக்கிட்டு, தேவையில்லாத பெருக்கலை வெட்டி, பொதுத் துண்டுகளைச் சேர்த்து, அந்தக் கோடைத் துப்புது. மேட்லாப்ல ஃபூரியர் போட்ட பல பேரும் தெரியாமலே இதைத்தான் ஓட்டியிருக்காங்க. ஃபூரியர் பேப்பர்ல அரியர் வாங்கினப்ப நானும்தான்.

இவ்வளவு புகழ்ந்ததால இனிமே எல்லாத்தையும் எழுத்துலயே போடலாம்னு கிளம்பிடாதீங்க. நான் கிளம்பினேன். புது மதம் மாறினவன் மாதிரி, ஆறு மூட்டுக் கையோட முழு ஃபார்முலாவையும் சிம்பைகிட்ட குடுத்து விரிச்சு, டிஃபரன்ஷியேட் பண்ணி, சுருக்கச் சொன்னேன். ஒரே வரி பக்கம் பக்கமா நீண்டுச்சு. சுருக்கறேன்னு போனது மதிய சாப்பாட்டுக்கு அப்புறமும் திரும்பி வரலை. எழுத்துக்கு இருக்கற வியாதி இதுதான், ஊதும். பத்துக்குப் பத்து டிடர்மினன்ட்டை எழுத்துல விரிச்சா 36,28,800 உறுப்பு. அதையே எண்ணைப் போட்டு, வரிசை வரிசையா அடிச்சுக்கிட்டே வந்தா முன்னூத்திச் சொச்சம் பெருக்கல்ல முடிஞ்சுடும். அதனால எதை எழுத்துல போடணும், எங்க நிறுத்தி எண்ணுக்கு மாறணும்னு ஒரு நிதானம் வேணும். எங்க கைக்கு மூட்டு மூட்டா பிரிச்சே வச்சுக்கிட்டு, செக்கு மாட்டுக் கணக்கை மட்டும் எழுத்துல முடிச்சுட்டு, மீதியை எண்ணுகிட்ட விட்டோம்.

'இதுக்கெல்லாம் இப்போ ஆட்டோமேட்டிக் டிஃபரன்ஷியேஷன் இருக்கே, பைடார்ச்ல நியூரல் நெட்வொர்க்குக்கு அதைத்தானே பண்றாங்க'ன்னு விவரம் தெரிஞ்சவங்க கேட்பீங்க. நியாயம்தான். அது துளியும் வைக்காது, ஃபார்முலாவையும் ஊத விடாது. நிரல் ஓடற ஒவ்வொரு அடியிலயும் வகைக்கெழுவையும் கூடவே தூக்கிட்டு வரும். அதைப் போட்டிருந்தாலும் என் வேகமும் இலக்கமும் சரியாகியிருக்கும். ஆனா 'ப × ம × சைன்(ஆ)'ன்னு ஒரு வரியை அது என் மேசைல வச்சிருக்காது. ரோபோவை இருபது சென்டிமீட்டர் நகர்த்துன்னு சொன்னது அந்த வரிதான்.

கடைசியா அந்தப் பொண்ணு விஷயம். பேப்பரைப் படிச்ச மறுநாள் காலைல போய், "நீ சொன்னதுதாம்மா சரி, நான்தான் கவனிக்கலை"ன்னேன். ஏதாவது கோபப்படுவாளோன்னு பார்த்தேன். "அன்னிக்கே சொன்னேனுங்களேண்ணா"ன்னு மட்டும் சொன்னா, சிரிச்சுக்கிட்டேதான். அதுக்கு அவ கோபப்பட்டிருந்தாலே தேவலாம். அப்புறம், "நான் தப்பா போட்டிருப்பேன்னு நினைச்சு அதுக்கப்புறம் கேட்கலைங்கண்ணா"ன்னா. அதுல ஆடிப் போயிட்டேன். சரியாப் போட்ட ஒரு ஆளை, தப்பாப் போட்டுட்டோமோன்னு ரெண்டு வாரம் நினைக்க வச்சிருக்கேன். நான் போட்ட கணக்குல பெரிய பிழை அந்த நாலு இலக்கம் இல்லை.

கஸ்டமருக்கு டெமோ குடுத்தப்போ அவளையே பேசச் சொன்னேன். போர்டுல அந்த ரெண்டு வரியை எழுதி, மைனஸ் ஒய்க்கு அடியில கோடு போட்டுக் காட்டினா. கஸ்டமர் பக்கத்துல இருந்த ஒரு வயசான இன்ஜினியர், "இதைத்தானம்மா நாங்க அந்தக் காலத்துல ஸ்லைடு ரூலை எடுக்கறதுக்கு முன்னாடி பண்ணுவோம்"னார்.

இப்போல்லாம் யாராவது பேப்பரோட வந்து நின்னா திரையை மூடிட்டுப் பார்க்கறேன். எப்பவும் முடியறதில்லை. முயற்சி பண்றேன்.

உங்க ஆபீஸ்லயும் இந்த மாதிரி பதிமூணு குக்கர் கதை ஏதாவது இருந்தா சொல்லிட்டுப் போங்க. நான் மட்டும்தான் இப்படியோன்னு ஒரு சந்தேகம், தீர்ந்தா ராத்திரி நல்லா தூங்குவேன் :-)

டிஸ்கி 1: அந்த ஏ4 பேப்பர் இப்போ என் மேசைக்கு மேல ஒட்டியிருக்கு, டீக்கறையோடதான். அவளே அதைப் பார்த்துட்டு, வேற நல்ல பேப்பர்ல எழுதித் தர்றேன்னா. வேண்டாம்னுட்டேன்.

டிஸ்கி 2: பருப்பு விஷயத்தை அம்மாகிட்ட போன்ல பெருமையா விளக்கினேன். முழுசாக் கேட்டுட்டு, "இது தெரியறதுக்காடா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்க வச்சோம்?"னாங்க.